‘லைன் அப்லதான் இருக்கு சார்’: நாலு பிங் சொல்லாத கதை

மூணாம் வருஷம் நெட்வொர்க் லேப் வைவா. எக்ஸ்டர்னல் கேட்டார்: "பிங் எதுக்குப்பா?" "கனெக்டிவிட்டி இருக்கானு செக் பண்ண சார்." "குட். நெக்ஸ்ட்." மார்க் விழுந்துடுச்சு. உங்கள்ல நிறைய பேரும் இதையே சொல்லித்தான் மார்க் வாங்கியிருப்பீங்க, இல்லனா இந்த செமஸ்டர் வாங்கப் போறீங்க. அந்தப் பதில் தப்பு இல்ல, ஆனா பாதிதான். மீதிப் பாதி எனக்குப் புரிஞ்சது மழைக்காலத்துல, ஒரு நூல் மில்லோட ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் இருந்தப்போ.

மில் வேடசந்தூர் பக்கம். ஹெட் ஆபீஸ் திண்டுக்கல் டவுனுக்குள்ள. நடுவுல சுமார் 20 கிலோமீட்டர், அதுக்கு ஒரு 2 எம்பி லீஸ்டு லைன். ரெண்டு முனையிலயும் கடைசித் தூரம் பழைய செம்புக் கம்பி. அக்கவுன்ட்ஸ் சர்வர் ஹெட் ஆபீஸ்ல இருக்கும்; மில்லுல உட்கார்ந்து பில் போடுறவங்க இந்த லைன் வழியாத்தான் சர்வரைத் தொடணும். பில் வந்தாத்தான் இ-வே பில். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல மதிப்புள்ள சரக்கு இ-வே பில் இல்லாம ரோட்டுல போக முடியாது. நூல் ஏத்தின லாரி கேட்ல நிக்குது, டிரைவர் மூணாவது டீ குடிச்சிட்டாரு, ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.

சர்வீஸ் கொடுக்கிறவங்களுக்கு போன் போட்டா ஒரே பதில்: "எங்க சைடுல பிங் ஆகுது சார். லைன் அப்லதான் இருக்கு." நாங்களும் பிங் பண்ணிப் பார்த்தோம். நாலு அனுப்பினா நாலும் வருது. லாஸ் 0%. அவர் சொல்றதும் பொய் இல்ல, லாரி நிக்கிறதும் பொய் இல்ல. அஞ்சு நாள் இப்படியே ஓடிச்சு.

அங்க சிஸ்டம்ஸ் பார்க்கிற அண்ணன்தான் ஆறாவது நாள் சொன்னார்: "தம்பி, நாலு சின்ன பிங் வந்தா லைன் உயிரோட இருக்குன்னு அர்த்தம். நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பெருசா அனுப்பு, நிறைய அனுப்பு."

ஏன் பெருசா, ஏன் நிறைய? அதுக்கு பிங் உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

1981 செப்டம்பர்ல வந்த ஆர்எஃப்சி 792-ல ஐசிஎம்பிங்கிற ப்ரோட்டோகால் வரையறுக்கப்பட்டது. அதுல ‘எக்கோ’, ‘எக்கோ ரிப்ளை’ன்னு ரெண்டு மெசேஜ். ஒருத்தன் கூப்பிடுவான், எதிர்ல இருக்கிறவன் அதே டேட்டாவை அப்படியே திருப்பி அனுப்பணும், அவ்வளவுதான். 1983 டிசம்பர்ல அமெரிக்க ராணுவத்தோட பாலிஸ்டிக் ரிசர்ச் லேபரட்டரியில வேலை பார்த்த மைக் மூஸ், தன் நெட்வொர்க்ல ஒரு கோளாறு கண்டுபிடிக்க இதை வச்சு ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்ல சோனார் எழுப்புற சத்தத்தை வச்சுத்தான் பிங்னு பேர் வச்சார். பிங் பிறந்ததே லைன்ல என்ன கோளாறுன்னு பார்க்கத்தான். லேப் மேனுவல்ல அதை ‘இருக்கா, இல்லையா’ன்னு சுருக்கிட்டோம்.

விண்டோஸ்ல சும்மா பிங் அடிச்சா 32 பைட் டேட்டா, நாலு தடவை போகும். அதோட ஐசிஎம்பி ஹெடர் 8 பைட், ஐபி ஹெடர் 20 பைட் சேர்த்தா 60 பைட், அதாவது 480 பிட். போக வர 960 பிட். இப்போ லைன்ல இரைச்சல் இருக்குன்னு வைங்க. ஒரு லட்சம் பிட்டுக்கு ஒரு பிட் கெட்டுப் போகுது. ஒரே ஒரு பிட் கெட்டாலும் சிஆர்சி தப்பாயிடும், ரவுட்டர் அந்த பாக்கெட் முழுசையும் தூக்கிப் போட்டுடும். 960 பிட் பத்திரமா போய் வர்றதுக்கு வாய்ப்பு 99%. நாலு அனுப்பினா நாலுமே வந்து சேர்றதுக்கு வாய்ப்பு ஏறக்குறைய 96%. ‘லைன் ஓகே’ன்னு சொல்லிட்டு போனை வச்சிடலாம்.

அதே லைன்ல 1472 பைட் அனுப்புங்க. ஹெடர் சேர்த்து சரியா 1500 பைட், 12,000 பிட். போக வர 24,000. இப்போ நூத்துக்கு 21 பாக்கெட் காலி. லைன் மாறல, இரைச்சல் மாறல, அனுப்புற சைஸ் மட்டும்தான் மாறிச்சு. மழையில குண்டும் குழியுமான ரோட்டுல சைக்கிள் வளைஞ்சு நெளிஞ்சு போயிடும், நீளமான டிரெய்லர் மாட்டிக்கும்ல, அந்த மாதிரி.

பில் போடுற சாஃப்ட்வேர் அனுப்புறது பெரும்பாலும் பெரிய பாக்கெட்தான். போதாக்குறைக்கு டிசிபிக்கு ஒரு குணம் உண்டு: பாக்கெட் தொலைஞ்சா ‘லைன்ல நெரிசல்’னு நினைச்சுக்கிட்டு வேகத்தைக் குறைக்கும். திரும்பத் திரும்பத் தொலைஞ்சா காத்திருக்கிற நேரத்தை ரெண்டு மடங்கு, நாலு மடங்குன்னு ஏத்திக்கிட்டே போகும். 20% தொலைஞ்சா வேகம் 20% குறையும்னு நினைக்காதீங்க. வேலையே நின்னுடும். ஸ்க்ரீன்ல வட்டம் சுத்தினதுக்குக் காரணம் இதுதான்.

கமாண்டை வாயால சொல்றேன், டைப் பண்ணிக்கோங்க. விண்டோஸ்ல பிங், அப்புறம் மைனஸ் என் 100, மைனஸ் எல் 1472, கடைசியா எதிர் முனை ஐபி. லினக்ஸ்ல மைனஸ் சி 100, மைனஸ் எஸ் 1472. நாங்க மூணு சைஸ்ல நூறு நூறு அனுப்பினோம். 32 பைட்டுல 1 தொலைஞ்சது, 500 பைட்டுல 9, 1472 பைட்டுல 22. பேப்பர்ல கணக்குப் போட்டா 1, 8, 21 வருது. புரோபபிலிட்டி பேப்பர்ல நான் வாங்கின மார்க்கை இங்க சொல்ல மாட்டேன், ஆனா அன்னிக்கு அந்த சப்ஜெக்ட் மேல ஒரு மரியாதை வந்துச்சு.

இதுல அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துடக் கூடாது. பெரிய பிங் தொலைஞ்சாலே இரைச்சல்னு அர்த்தம் இல்ல. தொலையுற விதத்தைப் பார்க்கணும். சைஸ் கூடக்கூட லாஸும் சரிவு மாதிரி ஏறினா இரைச்சல். ஒரு சைஸ் வரைக்கும் நூத்துக்கு நூறு போய், அதுக்கு மேல ஒரு பைட் கூடினாலும் ஒண்ணுகூடப் போகலைன்னா அது சுவர். அதுக்குப் பேரு எம்டியு. நடுவுல பிபிபிஓஇ ஓடினா 8 பைட் அது எடுத்துக்கும். 1500 இருந்த இடத்துல 1492தான் மிஞ்சும், பிங்ல 1464 வரை போகும், 1465 நிக்கும். விபிஎன் டனல் இருந்தா இன்னும் குறையும். இதைப் பார்க்க ‘துண்டு போடாதே’ன்னு கொடி கட்டி அனுப்பணும்: விண்டோஸ்ல மைனஸ் எஃப், லினக்ஸ்ல மைனஸ் கேப்பிட்டல் எம், ஸ்பேஸ், டூ. லாகின் பேஜ் திறக்குது, உள்ள போய் ரிப்போர்ட் எடுத்தா தொங்குதுன்னு யாராவது சொன்னா முதல்ல இந்தச் சுவரைத் தேடுங்க. லைன்மேனைக் கூப்பிட்டா பாவம், அவரால ஒண்ணும் பண்ண முடியாது; ரவுட்டர்ல செட்டிங் மாத்தணும்.

மூணாவது வகை, கடிகாரம் பார்த்து வரும். காலையில 10 மணிக்கு மேல சின்ன பிங்கே 12 மில்லி செகண்ட்ல இருந்து 300-க்கு ஏறும், மதியச் சாப்பாட்டு நேரத்துல தானா இறங்கும். லைன் நிறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். யாரோ பேக்கப் ஓட விட்டிருப்பாங்க, அதை ராத்திரிக்கு மாத்தினா சரியாயிடும். இதைக் கண்டுபிடிக்க நாலு பிங் எந்தக் காலத்துலயும் உதவாது. மைனஸ் டி போட்டு நாள் முழுக்க ஓட விட்டு மணி வாரியா குறிக்கணும். நடுவுல கணக்கு மட்டும் பார்க்க கன்ட்ரோல்-பிரேக். கன்ட்ரோல்-சி அடிச்சா மொத்தமா நின்னுடும். நான் முதல் நாள் அடிச்சது கன்ட்ரோல்-சி.

சரி, 12 மில்லி செகண்ட் நல்லதா கெட்டதா? அது எந்த லைன், எவ்வளவு தூரம்ங்கிறதைப் பொறுத்தது. ஃபைபருக்குள்ள ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். திண்டுக்கல்லுல இருந்து சென்னை ரோட்டு வழியா சுமார் 420 கிலோமீட்டர். போக வர 840. ஒளிக்கே 4.2 மில்லி செகண்ட் வேணும். இதுக்குக் கீழ எந்தக் கம்பெனியாலயும் தர முடியாது. யாராவது சென்னை சர்வர் 1 மில்லி செகண்ட்ல வருதுன்னா அந்த சர்வர் சென்னையில இல்ல.

இதுக்கு நல்ல உதாரணம் அந்தமான். 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவுல கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. சுற்றியிருக்கிற தீவுகளையும் சேர்த்து மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி அந்தத் தீவுகள் சாட்டிலைட்டைத்தான் நம்பி இருந்தன. சாட்டிலைட் பூமிக்கு மேல ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்துல. பிங் ஏறணும், இறங்கணும். பதில் மறுபடி ஏறணும், இறங்கணும். 1,44,000 கிலோமீட்டர், செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்துல போனாலும் 480 மில்லி செகண்ட். கேபிள்ல முழு 2,300 கிலோமீட்டரையும் போய் வந்தாக்கூட ஒளிக்கு 23 போதும். அதனால 600 மில்லி செகண்டுங்கிறது சாட்டிலைட் லைன்ல சாதாரண நாள். கேபிள் லைன்ல அதே 600 வந்தா ஏதோ பெருசா நடந்திருக்கு. லைன் நல்லா இருக்கிற நாள்ல பிங் பண்ணி எழுதி வைக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான். காய்ச்சல் வந்த பிறகு ‘நார்மல் எவ்வளவு’ன்னு தெர்மாமீட்டரைக் கேட்க முடியாது.

சின்ன பிங்குக்கும் பெரிய பிங்குக்கும் உள்ள நேர வித்தியாசத்துல இன்னொரு விஷயமும் ஒளிஞ்சிருக்கு. 32 பைட்டுக்கும் 1472 பைட்டுக்கும் இடையில 1440 பைட், அதாவது 11,520 பிட் கூடுதல். போக வர 23,040. நடுவுல ஒரே ஒரு மெதுவான லைன் இருந்து, அது 2.048 எம்பியா இருந்தா அந்தக் கூடுதல் பிட்டுக்கு 11 மில்லி செகண்ட் சொச்சம் ஆகும். 45 வந்தா நீங்க உட்கார்ந்திருக்கிறது 512 கேபி லைன். காசு 2 எம்பிக்குக் கட்டுறீங்களான்னு பில்லை எடுத்துப் பாருங்க. கூட்டம் இல்லாத நேரத்துல, வந்ததுலயே குறைஞ்ச நேரத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடணும், அது முக்கியம்.

2 எம்பி லைனான்னு சிரிக்காதீங்க. மாநிலம் முழுக்க அரசு ஆபீஸ்களை இணைக்கிற ஸ்வான் திட்டத்துக்கு மத்திய அரசு 2005 மார்ச்ல ஒப்புதல் கொடுத்தப்போ, தலைநகர்ல இருந்து மாவட்டம், அங்கிருந்து வட்டாரம்னு ஒவ்வொரு இணைப்புக்கும் குறைஞ்சபட்ச அளவா வச்சதே 2 எம்பிதான். தமிழ்நாட்டுல அதை நடத்துறது எல்காட். நீங்க ஏதாவது ஒரு ஆபீஸ் கவுன்ட்டர்ல நின்னு ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க’ன்னு கேட்டிருப்பீங்க. எங்கேயோ இருக்கிற சர்வர் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்கும். நடுவுல ஏதோ ஒரு இணைப்புலதான் பிரச்சினையா இருக்கலாம், யாரும் பெரிய பிங் அனுப்பிப் பார்த்திருக்க மாட்டாங்க.

மில்லுக்கு வருவோம். இரைச்சல்னு தெரிஞ்சாச்சு. எங்க?

புத்தகத்துல சொல்ற மாதிரி பக்கத்துல இருந்து தூரத்துக்குப் போனோம். முதல்ல 127.0.0.1, நம்ம சிஸ்டத்துக்குள்ளயே. அடுத்து மில் ரவுட்டர். ரெண்டுலயும் பெரிய பிங் நூத்துக்கு நூறு. எதிர் முனை ரவுட்டரைத் தொட்டதும் லாஸ் ஆரம்பம். அப்போ கோளாறு ரெண்டு ரவுட்டருக்கும் நடுவுல.

இந்த இடத்துல நான் ரெண்டு தப்பு பண்ணினேன், நீங்க பண்ணாதீங்க. ஒரு தடவை மில்லுல எதுவுமே போகாத நேரத்துல விண்டோஸ் ‘லாஸ் 0%’னு காட்டுச்சு. நானும் சந்தோஷமா கத்திட்டேன். அண்ணன் வந்து வரியைப் படிக்கச் சொன்னார்: ‘ரிப்ளை ஃப்ரம்’ எதிர் முனை இல்ல, நம்ம பக்கத்து ரவுட்டர், கூடவே ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’. வழி இல்லன்னு ரவுட்டர் சொன்ன பதிலையும் விண்டோஸ் ‘வந்த பதில்’ கணக்குல சேர்த்துடும். கடைசி சதவீதத்தை மட்டும் பார்க்காதீங்க. இன்னொண்ணு, ரவுட்டருக்குள்ள இருந்து பிங் பண்ணினா அது தன்னோட வான் பக்க ஐபியில இருந்து கிளம்பும். அது போய் வந்துடும், ஆனா மில்லுல உட்கார்ந்திருக்கிறவங்களோட லேன் ஐபிக்குத் திரும்பி வர எதிர் ரவுட்டர்ல ரூட் இல்லாமப் போகலாம். அதனால எக்ஸ்டெண்டட் பிங்ல சோர்ஸை லேன் பக்கமா மாத்திப் பார்க்கணும். பிங்னா போறது மட்டும் இல்ல, திரும்பி வர்றதும் சேர்த்துத்தான்.

சிஸ்கோ ரவுட்டர்ல வெறுமனே பிங்னு அடிச்சு என்டர் தட்டினா அந்த எக்ஸ்டெண்டட் பிங் கேள்வி கேள்வியா கேட்கும்: எத்தனை, எவ்வளவு பெருசு, எங்கிருந்து, என்ன டேட்டா. இங்க சைஸ் 1500னே கொடுக்கலாம், ஹெடர் அதுக்குள்ளயே அடக்கம். ‘டேட்டா பேட்டர்ன்’ங்கிற கேள்வியை எல்லாரும் என்டர் தட்டித் தாண்டிடுவாங்க. பழைய இ1 லைன்ல அதுதான் தங்கம். செம்புக் கம்பியில ‘ஒண்ணு’ன்னா ஒரு துடிப்பு, ‘சைபர்’னா அமைதி. தொடர்ந்து சைபரா அனுப்பினா எதிர் முனை மோடத்துக்குக் கடிகாரம் தப்பிடும். அதைத் தடுக்க ஹெச்டிபி3ங்கிற முறை, நாலு சைபர் சேர்ந்து வந்தா நடுவுல வேணும்னே ஒரு துடிப்பை நுழைக்கும். ஒரு முனையில ஹெச்டிபி3, இன்னொரு முனையில ஏஎம்ஐன்னு யாராவது மாத்தி வச்சிருந்தா, சாதாரண பிங் எல்லாம் போகும், முழுக்க சைபர் நிரப்பின பிங் மட்டும் சாகும். எங்க லைன்ல எல்லா பேட்டர்ன்லயும் ஒரே மாதிரி தொலைஞ்சது. அப்போ செட்டிங் தப்பு இல்ல, கம்பியில ஏதோ.

அடுத்து லூப். ஹெச்டிஎல்சி ஓடுற சீரியல் லைன்ல ஒரு வேடிக்கை உண்டு: நம்ம சொந்த சீரியல் ஐபியை நாமே பிங் பண்ணினாலும் பாக்கெட் லைன்ல இறங்கி எதிர் முனை வரை போய்த்தான் திரும்பும். நடுவுல எங்கயாவது மோடத்துல லூப் போட்டா அங்கேயே திரும்பிடும். மில் மோடத்துல லூப் போட்டு 1500 பைட்டுல ஆயிரம் அனுப்பினோம், ஒண்ணுகூடத் தொலையல. எங்க ரவுட்டர், எங்க கேபிள், மோடத்துல எங்க பக்கம் எல்லாம் சுத்தம். ஹெட் ஆபீஸ்லயும் அப்படியே. மில் ரவுட்டர்ல சிஆர்சி எரர் எண்ணிக்கை நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கிட்டே இருந்துச்சு; ஹெட் ஆபீஸ் ரவுட்டர்லயும் ஏறிச்சு, ஆனா மெதுவா. எந்தப் பக்கம் போறப்ப அதிகமா கெடுதுன்னு பிங் சொல்லாது, இந்த எண்ணிக்கை சொல்லும்.

இதெல்லாம் ஒரு பக்கத்துல டேபிளா போட்டு, தேதி, மணி, சைஸ், அனுப்பினது, வந்ததுன்னு எழுதி மெயில் பண்ணினோம். அடியில அண்ணன் ஒரு வரி சேர்த்தார்: ‘உங்க சைடு பிங் எத்தனை பைட்டுன்னு சொல்லுங்க.’ அன்னிக்கு மதியமே போன் வந்தது. இந்தத் தடவை ‘லைன் அப்லதான் இருக்கு’ன்னு யாரும் சொல்லல. எக்ஸ்சேஞ்ச்ல லூப் போட்டுத் தர்றோம், பிங் பண்ணுங்கன்னாங்க. டவுன்ல இருந்து எக்ஸ்சேஞ்ச் வரை சுத்தம். மில்லுல இருந்து எக்ஸ்சேஞ்ச் வரை நூத்துக்கு இருபது காலி.

மறுநாள் லைன் ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க. மில் கேட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல ரோட்டோரம் ஒரு ஜாயின்ட் குழி. மூடியைத் தூக்கினா முழங்கால் ஆழத்துக்கு மழைத் தண்ணி, அதுக்குள்ள ஜாயின்ட் ஊறிக்கிட்டு இருக்கு. தண்ணியை பக்கெட்ல இறைச்சு, பச்சை பிடிச்ச முனைகளை வெட்டி, புதுசா ஜாயின்ட் போட்டு மேல கட்டித் தொங்க விட்டாங்க. நான் உள்ள ஓடிப் போய் 1472 பைட்டுல நூறு அனுப்பினேன். அதுல பெரியவர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, போவுதா?"ன்னு கேட்டார். நூத்துக்கு நூறு. "இன்னொரு நூறு அனுப்பிப் பாத்துட்டுச் சொல்லுங்க, அதுக்கப்புறம் குழியை மூடுறோம்"னார்.